15 சதுர கிலோமீட்டர்தான் மொத்த உலகமும்... பிரின்சிபி ஆந்தை தப்பிக்குமா?

இருட்டியதுமே காட்டுக்குள்ளிருந்து ‘தூ... தூ...’ என்று ஒரு சத்தம். கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று. ஏதோ பூச்சி கத்துது என்றுதான் தோன்றும். ஆனால், அது ஒரு குட்டி ஆந்தை. ஒரே ஒரு தீவைத் தவிர உலகில் வேறெங்குமே கிடையாது.

எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவின் மேற்கே, கினி வளைகுடாவில் உள்ள சின்னத் தீவு பிரின்சிபி. அங்கே ஓர் ஆந்தை இருக்கலாம் என்ற பேச்சு 1928-லிருந்தே உண்டு. ஆனால், 2016-ல்தான் ஆய்வாளர்கள் அதை உறுதி செய்தார்கள். 2022-ல் ‘ஓட்டஸ் பிகெஜிலா’ என்ற பெயரில் புதிய இனமாக அறிவித்தார்கள்.

யார் இந்த பிகெஜிலா?

பெரிய விஞ்ஞானியெல்லாம் இல்லை. கிளி பிடிக்க மரம் ஏறிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர். பிறகு அதே தீவின் இயற்கைப் பூங்காவில் வனக்காவலர் ஆனார். செசிலியானோ டோ பொம் ஜீசஸ் என்பது முழுப்பெயர். பிகெஜிலா என்பது செல்லப்பெயர். அவருடைய காட்டறிவும் விடாத தேடலும் இல்லாவிட்டால் இந்த ஆந்தை கிடைத்திருக்காது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அந்த நன்றிக்குத்தான் இந்தப் பெயர்.

என்ன ஆபத்து?

ஆட்கள் வசிக்காத தெற்குப் பகுதியில், சுமார் 15 சதுர கிலோமீட்டர் பழங்காட்டில்தான் இந்த ஆந்தைகள் மொத்தமும் வாழ்கின்றன. நீளம் 4 கி.மீ., அகலம் 4 கி.மீ. கூட வராத இடம். எண்ணிக்கை 1,000 முதல் 1,500 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ‘மிக அருகிய இனம்’ என்று வகைப்படுத்தவும் பரிந்துரைத்தார்கள். அந்தக் காட்டின் ஒரு பகுதியை, திட்டமிடப்பட்ட சிறிய நீர்மின் அணை பாதிக்கும் என்றும் அப்போதே எச்சரித்தார்கள்.

என்ன செய்யலாம்?

தீவு மக்களுக்கு மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், மின்சாரத்துக்கு வேறு வழி தேடலாம். இந்த ஆந்தைக்கு வேறு காடு கிடையாது. எனவே, எதை, எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும் முன்பே ஆந்தைகளின் கணக்கு மேசைக்கு வர வேண்டும். கட்டி முடித்தபின் அறிக்கை எழுதிப் பயனில்லை.

இன்னொன்றும் முக்கியம். அந்த மேசையில் பிகெஜிலா போன்றவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். கண்டுபிடிக்க மட்டும் உள்ளூர்க்காரர் தேவை, காப்பாற்றும் முடிவை எடுக்க வேண்டாம் என்றால் எப்படி? பறவைக்குப் பெயர் வைத்ததோடு அந்த நன்றிக்கடன் தீர்ந்துவிடாது.