அயல் வீட்டிற் செல்லாத அதிகாரம்

மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்தபின் புள்ளிப் பட்டியலொன்றை எங்கள் கல்லூரி ஆசிரியர் சிலருக்கும் வெளிக் கந்தோர் ஒன்றுக்கும் மின்னஞ்சலில் ஒருங்கே அனுப்பினேன். அனுப்பிய பின்னரே பிழை கண்ணிற் பட்டது. 78 புள்ளி பெற்ற மாணவனுக்கு 18 என்று பதிந்திருந்தேன்! பதைபதைத்து, 'திரும்பப் பெறுக' என்னும் கட்டளையைக் கொடுத்தேன். சக ஆசிரியர்களின் அஞ்சற் பெட்டிகளிலிருந்து மடல் மறைந்தது. கந்தோரிலோ அது அசையவில்லை. அனுப்பியவர் அதனைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று இரண்டாவது மடலொன்றும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டவர்கள் முதல் மடலை முன்னிலுங் கவனமாகப் படித்தார்களாம்!

இதற்குக் காரணம் யாது? தொடக்க காலத்துக் கந்தோர் மின்னஞ்சல் முறைகள் பல தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. 1982 ஓகஸ்ட் மாதம் ஜோன் பொஸ்ரெல் எழுதி வெளிவந்த எஸ்.எம்.ரி.பி. என்னும் அஞ்சல் விதியே காலப்போக்கில் அவற்றுக்கிடையே பாலமாயிற்று. அதுவோ ஒடுங்கிய பாலம். ஆங்கில எழுத்து, எண் முதலிய 128 குறியீடுகளே அதிற் செல்லலாம். தமிழுக்கும் படத்துக்கும் இடமில்லை. 1992 இல் நதானியல் போரென்ஸ்டீனும் நெட் பிரீட்டும் வகுத்த 'மைம்' விதி, ஏனையவற்றையும் அவ்வெழுத்துக்களாக உருமாற்றி அனுப்ப வழிசெய்தது. அவ்வாறு மாற்றுகையில் மூன்று பங்கு நான்காகப் பெருகும். ஆதலாற்றான் 9 மெகாபைற் கோப்பு வழியில் 12 ஆகி, 10 மெகாபைற் எல்லையுள்ள கந்தோரின் வாயிலிலிருந்து திரும்பி வருகிறது.

பொது விதியில் உள்ளவை மட்டுமே பாலத்தைக் கடக்கும். திரும்பப் பெறுதல், வாக்களிப்புப் பொத்தான் போன்றவை ஒரு முறையின் வீட்டு வழக்கங்கள். அவுட்லுக் சில வேளைகளில் இத்தகையவற்றையும் எழுத்தலங்காரங்களையும் 'வின்மெயில்.டட்' என்னும் மூட்டையாகக் கட்டி அனுப்பும். பிற முறைகள் பல அதனை அவிழ்க்க அறியா. இணைத்த கோப்பும் அதனுள்ளே அகப்பட்டுக்கொள்ளும்.

ஆதலின், வெளியிடங்களுக்கு எழுதுவோர் அலங்காரந் தவிர்த்து எளிய எழுத்து வடிவில் அனுப்புதல் நன்று. புதிய இடமாயின் வெள்ளோட்டமாக ஒரு மடல் விட்டுப் பார்க்கலாம். பிழை நேர்ந்தாலோ கட்டளையை நம்பியிராது, திருத்தத்தை உடனே தெளிவாக எழுதி அனுப்பவேண்டும்.

நான் அன்று தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையிலிருந்தவர் 18 ஐ வெட்டி 78 என்று திருத்திய பின்னரே எனக்கு மூச்சு வந்தது. நம் வீட்டிற் கட்டளை செல்லும். அயல் வீட்டிற் செல்வது வேண்டுகோளே.