சரக்கைப் பார்த்து வாங்குகிறோம், செய்தியை?



கடைக்குக் கருவாட்டுச் சிப்பம் வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கட்டைப் பிரித்து, மணந்து பார்த்து, ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கண்டறிந்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் வீட்டில் கர்ப்பமாக இருக்கும் மகளின் கைபேசிக்கு வரும் வைத்திய ஆலோசனையை மட்டும் கட்டைப் பிரிக்காமலே வாங்கி விடுகிறோம்.

என் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவரின் மனைவிக்கு ஏழாம் மாதம். இரண்டு நாளாகக் கடுமையான தலைவலி, கண் மங்கல். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு, 'இது சூடு, கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்' என்றதாம். அப்படியே செய்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா விஷயத்தைக் கேட்டதும் 1990 அம்புலன்ஸை அழைக்கச் சொன்னார். இரத்த அழுத்தம் எல்லை மீறி உயர்ந்திருந்தது. கல்பிட்டியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு நாள் கொத்தமல்லித் தண்ணீரோடு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதனால் இணையத்தையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடல் ஓரக் கிராமங்களில் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. கணவன் கடலிலோ கட்டாரிலோ இருப்பான். பெண் வெட்கப்பட்டு யாரிடமும் கேட்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குக் கைபேசி நல்ல ஆசானாக இருக்க முடியும். இந்தியாவில் 2016இல் தொடங்கிய 'கில்காரி' என்ற அரசுத் திட்டம் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒரு முறை குரல் செய்தி அனுப்புகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவளும் கேட்கலாம். தென்னாபிரிக்கா 2014இல் 'மொம்கனெக்ட்' என்று தாய்மாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கி, தன் பதினொரு ஆட்சி மொழிகளிலும் கொடுத்தது. தாய்க்குத் தாய்மொழியில் சொன்னால்தான் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2018 ஜூலையில் தமிழ்நாட்டின் திருப்பூரில் ஒரு தம்பதியர் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள். அதிக இரத்தப்போக்கினால் தாய் இறந்தார். அதே கைபேசி, அதே இணையம், சரக்குத்தான் வேறு.

நம் நாட்டுக் கணக்கையும் மறக்கக் கூடாது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்து நிற்கிறது. இதைச் சாதித்தது கைபேசி அல்ல; ஊர் ஊராக நடந்த மிட்வைஃப்மாரும், இலவச ஆஸ்பத்திரியும், கிளினிக் அட்டையும். இணையத்தில் கற்பது அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வழியாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வரக் கூடாது.

சரி, வியாபாரிக்கு இதில் என்ன வேலை? நான்கு வேலை இருக்கிறது.

ஒன்று, உங்களிடம் வேலை செய்பவரின் மனைவி கர்ப்பிணி என்றால் கிளினிக் நாளில் அவருக்குச் சம்பளத்தோடு அரை நாள் லீவு கொடுங்கள். கடை நொடிக்காது.

இரண்டு, கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, இரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல், நேரத்துக்கு முன் தண்ணீர் உடைதல். இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. இதை மனைவி மட்டும் அறிந்தால் போதாது. வண்டி பிடிக்கத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணவனும் மாமியும்தான். அவர்களும் கேட்க வேண்டும்.

மூன்று, லேகியமும் பால்மாவும் விற்பவர்கள் 'தாய்க்கு நல்லது, சிசுவுக்கு நல்லது' என்று குழுக்களில் விளம்பரம் போடுவதை நிறுத்துங்கள். தாய்ப்பாலுக்குப் பதிலான மாவகைகளை விளம்பரம் செய்யக் கூடாது என்ற ஒழுங்குவிதி இந்நாட்டில் 1983 முதலே இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதைச் சொல்வதில் நமக்கு இலாபம் குறையலாம். பரக்கத் குறையாது.

நான்கு, ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் வியாபாரிகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, அவர்கள் சரிபார்த்த குரல் பதிவுகளை நம் பேச்சுத் தமிழில் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யும் செலவு ஒரு திருமணப் பந்தலின் மின்விளக்குச் செலவு கூட வராது.

தெரியாத ஆளின் காசோலையை நாம் வாங்குவதில்லை. தெரியாத ஆளின் வைத்தியத்தை மட்டும் மகளுக்குக் கொடுக்கலாமா? அடுத்த முறை அப்படியொரு பதிவு வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பும் முன், 'இதைச் சொன்னது யார்?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்கள் கைபேசியோடு நிற்கட்டும்.