சும்மா இருக்கும் சர்வர் தண்டமா?

பி.காம். படிக்கிறவனுக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கணக்கு என்று வந்துவிட்டால் எங்களுக்கும் பேச உரிமை உண்டு!

போன விடுமுறையில் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். விற்பனை விவரங்களை அலசி அறிக்கை தருவதற்கு அங்கே இரண்டு சர்வர்கள். "சராசரியா முப்பது சதவீதம்தான் வேலை செய்யுது, ஒண்ணை எடுத்துடலாம்" என்றார்கள். எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். எடுத்தார்கள். மாதக் கடைசி நாளில் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் அறிக்கை கேட்டன. காலையில் வர வேண்டியது இரவுதான் வந்தது. திட்டு வாங்கியது ஐ.டி. அண்ணன், நானல்ல.

பயன்படாத திறன் நஷ்டம் என்றுதான் காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிறோம். சர்வருக்கு அது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. ஒரே ஆள் இருக்கும் டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரிப்படி, சர்வருக்கு 50 சதவீதம் வேலை இருந்தால், ஒரு நிமிட வேலை முடிய சராசரியாக 2 நிமிடம் ஆகும். 80 சதவீதத்தில் 5 நிமிடம், 90-ல் 10, 95-ல் 20! அந்தக் கடைசி 5 சதவீதம் நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

டிஸ்க் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். நாளுக்கு 10 ஜிபி தரவு வந்தால் வருடத்துக்கு 3,650 ஜிபி. 4 டெராபைட் போதும் என்று தோன்றும். ஆனால் ஹடூப்பின் கோப்பு முறை, நாம் மாற்றாத வரை, எல்லாவற்றையும் 3 பிரதி வைக்கும். 10,950 ஆயிற்றா? கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டுமென்றால் 14,600 ஜிபி.

அதற்காக மூன்று வருடத் தேவையை இன்றே வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதை அமேசான் 2006-லேயே ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்காக யாராவது வீட்டையே மண்டபம் அளவுக்குக் கட்டுவார்களா? தினசரித் தேவைக்குச் சொந்தம், மாதக் கடைசிக்கு வாடகை. ஆனால் எவ்வளவு வாடகைக்கு எடுப்பது என்று தெரிய, மிக நெருக்கடியான அந்த ஒரு மணி நேரத்தை முதலில் அளந்திருக்க வேண்டும். நான் அதை அளக்கவே இல்லை.

கிளம்பும் நாளில் அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை சராசரி கேட்காத தம்பி. முப்பத்தொண்ணாம் தேதி என்ன ஆச்சுன்னு கேளு."