மூன்று மாத நர்ஸ் வேலை: அங்கே கூடுதல், இங்கே குறைச்சல்



"அமெரிக்காவில் நர்சுக்கு வாரத்துக்கு ரெண்டு லட்சமாமே?" என்று எங்கள் தெருவில் என்னிடம் கேட்காத ஆளில்லை. காரணம், என் பெரியப்பா மகள். நியூஜெர்சியில் பல வருஷமாக நர்ஸ். இப்போது பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு. விமானத்திலேயே ஆறு மணி நேரம். கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால் பிள்ளைகளோடு போனில் பேசக்கூட நேரம் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

இதற்கு அங்கே 'டிராவல் நர்ஸ்' என்று பெயர். ஆஸ்பத்திரியில் ஆள் குறைந்தால் ஏஜென்சி மூலம் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் வார்டைச் சுற்றிக் காட்டுவார்கள், பிறகு நோயாளிகளை ஒப்படைத்து விடுவார்கள்.

அந்த ரெண்டு லட்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் நர்ஸ் லைசென்ஸ் வேறு. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு ஒரே லைசென்ஸை ஏற்றுக் கொள்கின்றன. நியூஜெர்சி அதில் உண்டு, கலிபோர்னியா இல்லை. அதனால் தனியாகப் பணம் கட்டி, கைரேகை கொடுத்து, காத்திருந்து வாங்கினாள். சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று வரியில்லாமல் வரும். ஆனால் சொந்த ஊரிலும் வீட்டுச் செலவைத் தொடர்ந்து செய்தால்தான் அந்தச் சலுகை. ஆக, இரண்டு வாடகை. ஆஸ்பத்திரிக்கு வேண்டாமென்றால் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தும் விடலாம். கொரோனா காலத்தில் எக்கச்சக்கமாக ஏறிய கூலி 2022-ல் இறங்கியபோது, வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சம்பளத்தைக் குறைத்துக் கொள்ளச் சொன்ன இடங்களும் உண்டு.

பின்னே ஏன் போனாள்? பணம் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-லேயே சட்டம் போட்டு, 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். சாதாரண வார்டில் ஐந்து பேர், தீவிர சிகிச்சையில் இரண்டு பேர். "ஏட்டி, இத்தனை வருஷத்தில் இங்கேதான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்" என்றாள்.

அதற்காக அமெரிக்காவைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். 2023 ஜனவரியில் நியூயார்க்கில் சுமார் 7,000 நர்சுகள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வார்டுக்குப் போதுமான நர்சுகளைப் போடுங்கள் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. அப்போது ஆஸ்பத்திரிகள் என்ன செய்தன? வெளியிலிருந்து தற்காலிக நர்சுகளைக் கொண்டு வந்தன. நிரந்தர ஆளுக்குக் கொடுக்க மனசில்லாத பணம் மூன்று மாத ஆளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ! அவளிடமே இதைக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாளைக்கே போகச் சொன்னால் போக வேண்டியவள் நான், அதற்குத்தான் இந்தக் கூடுதல்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நம் ஊரிலும் நாளைக்கே போகச் சொன்னால் போக வேண்டிய நர்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்தோம். கொரோனாவுக்காக 2020-ல் ஓடி வந்து சேர்ந்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. வாங்கியது 14,000. அதே வார்டில், அதே ஊசியைப் போடும் நிரந்தர நர்சுக்கு அதைப்போல் பல மடங்கு. அங்கே நிச்சயமில்லாத வேலைக்குக் கூலி அதிகம். இங்கே நிச்சயமும் கிடையாது, கூலியும் கிடையாது.

தனியார் பக்கம் போனால் இன்னும் மோசம். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று, சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. அடுத்த வீடான கேரளத்தில் 2018-ல் அந்த 20,000-ஐக் குறைந்தபட்சக் கூலியாக அறிவித்தார்கள். எல்லை தாண்டி ஒரு பஸ் பயணம்தான், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே போய்விடுகிறார்கள். என் அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ராத்திரி ஒரு மாடி முழுக்க ஒரே ஒரு சின்னப் பெண். குளுக்கோஸ் தீர்ந்ததைச் சொல்ல அவளைத் தேடி நான் ஓடினேன். கோபப்பட்டுக் கத்தியும் விட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

என் அண்ணன் மகள் இந்த வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறாள். வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் 12,000. ரெண்டு வருஷம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் ஒப்படைக்க வேண்டுமாம். "அத்தை, அங்கே அவங்க மூணு மாசத்தில் கிளம்பிடலாம், நான் மட்டும் ஏன் சர்டிபிகேட்டைக் கொடுக்கணும்?" என்று கேட்கிறாள். கொடுக்காதே என்று நான் சொல்லியிருக்கிறேன். வந்த வேலையை விடாதே என்கிறார் அண்ணன். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.