காலா? கையா?

துப்பாக்கிக்குக் கால் உண்டா?

உண்டு. இரண்டு கால்!

தரையில் குப்புறப் படுத்துச் சுடுகிறவர்கள், துப்பாக்கியின் முன்பக்கத்தில் இரண்டு கால் உள்ள ஒரு தாங்கியை மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் இதைப் பல விலைகளில் விற்கிறார்கள். சில நூறு டாலர் விலை உள்ள தாங்கியும் இருக்கிறது.

"விலை உயர்ந்த தாங்கியை வாங்கினால் குறி தப்பாது" என்று புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் பலர் நம்புகிறார்கள்.

அது தவறு என்பதே என் கருத்து.

சின்னக் கணக்கு

முன்பக்கத்தைத் தாங்கி பிடித்துக்கொள்ளும். பின்பக்கம்?

அது சுடுகிறவரின் தோளில் இருக்கிறது! மூச்சு விட்டால் தோள் அசையும். விசையை வெடுக்கென்று இழுத்தாலும் அசையும்.

தாங்கிக்கும் தோளுக்கும் இடையே 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோள் 1 மில்லி மீட்டர் அசைந்தால் போதும். 100 மீட்டர் தூரத்தில் குறி 10 சென்டி மீட்டர் விலகிவிடும்!

மூச்சை அடக்கத் தாங்கிக்குத் தெரியுமா?

கால் இல்லாத வெற்றி

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ரெயில்வேயில் வேலை பார்க்கும் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வாங்கினார். முழங்காலிட்டும், படுத்தும், நின்றும் சுடும் போட்டி அது. தூரம் 50 மீட்டர். 10 புள்ளிக்கு உரிய வட்டத்தின் அகலம் 10.4 மில்லி மீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான்!

அந்தப் போட்டியில் இரண்டு கால் தாங்கிக்கு இடமே இல்லை. படுத்துச் சுடும்போது, கையில் மாட்டிய வார்தான் துணை.

நல்ல துப்பாக்கி வேண்டும்தான். ஆனால் பதக்கம் வாங்கித் தந்தது பல ஆண்டுப் பழக்கம்.

காற்று கேட்குமா?

கனடாவில் தோன்றிய 'எப்-கிளாஸ்' என்ற போட்டியில் ஒரு பிரிவினர் தாங்கி வைத்தே சுடுகிறார்கள். தூரம் 1,000 கெஜம் வரை இருக்கும். அவ்வளவு தூரத்தில், மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, குண்டை 5 அடிக்கும் மேல் தள்ளிவிடும்!

அங்கே எல்லோருடைய துப்பாக்கிக்கும் கால் உண்டு. ஆனாலும் காற்றைக் கணிக்கத் தெரிந்தவரே ஜெயிக்கிறார்.

எதை வாங்கலாம்?

தாங்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டம் காணும் மட்டமான தாங்கி கெடுதல் செய்யும். ஆடாமல் நிற்கும் சாதாரணத் தாங்கி போதும். நன்றாகத் தேர்ந்தவருக்கு, விலை உயர்ந்த தாங்கி கொஞ்சம் உதவலாம். புதியவருக்கு அது வீண் செலவு.

அந்தப் பணத்தில் குண்டு வாங்கலாம். நல்ல ஆசிரியரிடம் பழகலாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுடத் தெரியாதவர் கால் சரியில்லை என்று சொல்லலாமா?

முதலில் கை பழகட்டும். கால் பிறகு வரட்டும்!