நாப்பது வருஷமா ஒரு படம் - சிரிக்கிறவங்களுக்கு

போன வாரம் நம்ம பதிவர் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தேன். பேர் வேண்டாம், அடிக்க வருவாரு. பேச்சுவாக்குல "ஓநாய் மனிதன் எதிர் காட்ஸில்லா" படத்தோட ரெண்டு ஸ்டில்லை அனுப்பி வெச்சேன். பாத்துட்டு மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. "ஏல, நாப்பது வருசமா ஒரு படத்த முடிக்கத் துப்பில்ல. இதப் போய் ஒரு பதிவா எழுதப் போறியாக்கும்?"

ஆமா அண்ணாச்சி, எழுதத்தான் போறேன். உங்களுக்காகவே எழுதுறேன். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல மேட்டர். ஷிசுவோ நகாஜிமா என்கிற ஜப்பான்காரர் 1983ல் ஆரம்பித்த ரசிகர் படம் இது. ராட்சத சைஸ் ஓநாய் மனிதன் ஒரு பக்கம், காட்ஸில்லா இன்னொரு பக்கம், நடுவுல சிக்கின ஊர். ரசிகர் படம்னா ஏதோ பசங்க துணியைப் போர்த்திக்கிட்டு மொட்டை மாடியில ஆடினதுன்னு நினைச்சுடாதீங்க. ஆள் உள்ளே புகுந்து ஆடுற முழு உடை, உடைக்கிறதுக்குன்னே கட்டின குட்டி ஊர்னு பழைய டோஹோ பட பாணியிலேயே இறங்கி செஞ்சிருக்காங்க. ஸ்டில்களைப் பார்த்தா நிஜமாவே 60கள்ல வந்த படமோன்னு தோணும். ஆனா படம் முடியல. நாப்பது வருஷம் தாண்டியும் முழுப் படமா திரைக்கு வரல.

அண்ணாச்சி சிரிச்சது இதுக்குத்தான். இந்த மாதிரி சிரிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க எல்லாருக்கும் ஒரே லாஜிக்தான்: முடிச்சாதான் வேலை, முடிக்காட்டி வெட்டி வேலை. இந்த லாஜிக் எனக்கு சுத்தமா பிடிக்கல. ஏன்னு சொல்றேன்.

1983ன்னா என்ன காலம்? 1975ல் "மெக்காகாட்ஸில்லாவின் பயங்கரம்" வந்துச்சு. இஷிரோ ஹோண்டா டைரக்ட் பண்ணின கடைசி காட்ஸில்லா படம். போணியாகல. அதுக்கப்புறம் டோஹோ கம்பெனி காட்ஸில்லாவை ஒன்பது வருஷம் பரண்ல தூக்கிப் போட்டுடுச்சு. அடுத்த படம் வந்தது 1984 டிசம்பர்லதான். இன்னொரு பக்கம் கமேராவை வெச்சிருந்த டாயேய் 1971லயே திவால். 1980ல் ஒரு கமேரா படம் வந்துச்சு, அதுல சண்டைக் காட்சியெல்லாம் பழைய படங்கள்ல இருந்து வெட்டி ஒட்டினது! ரசிகனோட தலையில மிளகாய் அரைக்கிறதுன்னா இதுதான்.

ஆக, ராட்சத மிருகப் படம் எடுக்கிற வித்தையை அதைக் கண்டுபிடிச்ச கம்பெனிகளே தொங்கலில் விட்டிருந்த காலம் அது. சின்ன வயசுல அந்தப் படங்களைப் பாத்து வளந்த பசங்களுக்கு அப்பதான் இருபது வயசு, அதுக்கு முன்ன பின்ன. நீங்க எடுக்கலைன்னா போங்கடா, நாங்க எடுத்துக்கிறோம்னு கிளம்பினாங்க. சம்பளம் கிடையாது. படம் வித்து காசு பாக்கவும் முடியாது, ஏன்னா காட்ஸில்லா டோஹோவோட சொத்து. இது தெரிஞ்சேதான் இறங்கினாங்க.

சரி, ஏன் முடியல? சோம்பேறித்தனம்னு சொல்றவங்க தயவு செஞ்சு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

1954ல் வந்த முதல் காட்ஸில்லாவோட உயரம் 50 மீட்டர். உள்ளே ஆள் நிக்கிற உடை சுமார் 2 மீட்டர். அதாவது இருபத்தஞ்சுல ஒரு பங்கு. அப்படின்னா சுத்தி இருக்கிற வீடு, கரண்ட் கம்பம், ரயில் பெட்டி எல்லாமே இருபத்தஞ்சுல ஒரு பங்கா கையால செய்யணும். அதோட முடிஞ்சுதா? இல்ல. 2 மீட்டர் ஆள் நடந்தா ஆள் நடக்கிற மாதிரிதான் இருக்கும். சுவர் இடிஞ்சு விழுந்தா சட்டுனு விழுந்துடும், பொம்மை வீடுன்னு காட்டிக் கொடுத்துடும். அதனால கேமராவை வேகமா ஓடவிட்டு எடுத்து, சாதா வேகத்துல ஓட்டிக் காட்டணும். எவ்வளவு வேகம்? அளவு இருபத்தஞ்சுல ஒண்ணுன்னா அதோட வர்க்கமூலம், அஞ்சு மடங்கு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய இடத்துல 120 ஃபிரேம். (ஸ்கூல்ல படிச்ச இயற்பியல் வாழ்க்கையில முதல் தடவையா உபயோகப்பட்டது இங்கதான்.)

இப்ப காசுக்கு வாங்க. 16 மி.மீ. ஃபிலிம் 100 அடி ரோல்ல இருக்கிறது 4000 ஃபிரேம். சாதா வேகத்துல கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் நிமிஷம் எடுக்கலாம். 120ல ஓட்டினா? 33 விநாடி. புரியுதா அண்ணாச்சி? ஒரு ரோலை மாட்டி, "ஸ்டார்ட்" சொல்லி, உள்ள இருக்கிறவன் ரெண்டு அடி எடுத்து வெச்சு, ஒரு வீட்டு மேல விழுந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள ரோல் காலி. வேகமா ஓடினா வெளிச்சமும் அஞ்சு மடங்கு வேணும். அத்தனை விளக்கு சூட்டுல ரப்பர் உடைக்குள்ள ஒரு மனுஷன் வெந்துட்டு இருப்பான். முதல் படத்து உடை நூறு கிலோவுக்கு மேல. அதுல நடிச்ச ஹருவோ நகாஜிமா (நம்ம டைரக்டருக்கும் இவருக்கும் பேர்தான் ஒண்ணு) அதைப் போட்டுக்கிட்டு கொஞ்ச நேரத்துக்கு மேல நிக்கவே முடியாம தவிச்சவரு.

அப்புறம் அந்த வீடு? அது ஒரு தடவைதான் இடியும். ஃபோகஸ் சரியில்ல, ஒன் மோர் அப்படின்னா மறுபடி கட்டணும். சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கிற ஸ்டுடியோவுக்கு அது ஒரு வார வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும் கூடுற கூட்டத்துக்கு மாசக்கணக்கு. இதுக்கு நடுவுல பசங்களுக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், ஊர் மாறும். உடையோட ரப்பர் வெடிக்கும், உள்ள வெச்ச நுரை பொடிப்பொடியா கொட்டும். அதை மறுபடி செய்யணும், செஞ்சா பழைய ஷாட்டோட பொருந்தாது.

இதெல்லாம் கஷ்டம்தான். ஆனா இதைவிடப் பெரிய காரணம் வேற ஒண்ணுன்னு நான் நினைக்கிறேன். முடிச்சா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது! தியேட்டர்ல போட முடியாது, கேசட் விக்க முடியாது. ரோட்டோட கடைசியில ஊரே இல்லைன்னு தெரிஞ்சா எவனுக்கு வேகமா நடக்கத் தோணும்? இன்னும் ஒரு ஷாட் நல்லா எடுப்போம், இன்னும் ஒரு மாடல் செய்வோம்னு போய்க்கிட்டே இருக்கும். ரிலீஸ் தேதின்னு ஒண்ணு இல்லாத படத்தை எது முடிக்க வைக்கும் சொல்லுங்க.

இங்க நம்ம எதிர்க்கட்சிக்காரங்க ஒரு பாயிண்ட் வெப்பாங்க. அதே 1983ல் ஒசாகாவுல டைகான் ஃபிலிம் பசங்க "திரும்பி வந்த அல்ட்ராமேன்" எடுத்து முடிக்கலையா? அவங்களும் காசில்லாத ஸ்டூடண்ட்ஸ்தானே? நல்ல கேள்வி. எடுத்தாங்க. 8 மி.மீ.ல எடுத்தாங்க, காகிதத்துல மாடல் செஞ்சாங்க, ஹிடேயாகி அன்னோ முகமூடி கூட இல்லாம ஒரு ஜெர்கினைப் போட்டுக்கிட்டு தானே அல்ட்ராமேனா வந்து நின்னாரு. படம் ஜோர்.

ஆனா அதுவும் நடுவுல நின்னுபோன படம்தான், அதை வசதியா மறந்துடறாங்க. அன்னோ பிடிச்ச பிடிவாதத்துல ஷூட்டிங் இழுத்துக்கிட்டே போய், கடைசியில பொறுப்பு தகாமி அகாய் கைக்கு மாறினதுக்கப்புறம்தான் படம் முடிஞ்சது. மாறாம இருந்திருந்தா அதுவும் இன்னிக்கு ஒரு பெட்டிக்குள்ள கிடக்கும், அண்ணாச்சி அதையும் பாத்து சிரிச்சிருப்பாரு. அப்பவும் அன்னோ அந்த மாதக்கணக்கான வேலையில கத்துக்கிட்டது அவர் கூடவேதான் இருந்திருக்கும். 2016ல் "ஷின் காட்ஸில்லா" எடுத்தது அந்த ஆள்தான். கூட டைரக்ட் பண்ணின ஷின்ஜி ஹிகுச்சியும் அதே கூட்டம். 1985ல் டைகான் ஃபிலிமோட "எட்டுத்தலை நாகத்தின் பதிலடி" படத்துக்கு இருபது வயசுல ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செஞ்சவரு. பத்து வருஷம் கழிச்சு 1995ல் புது கமேரா படத்துக்கு எஃபெக்ட்ஸ் டைரக்டர் அவர்தான். 2022ல் வந்த "ஷின் அல்ட்ராமேன்"ல ஹிகுச்சி டைரக்டர், அன்னோ கதை வசனம். போதாக்குறைக்கு அல்ட்ராமேனோட அசைவுகளுக்கு மோஷன் கேப்சர் உடையை மாட்டிக்கிட்டு நின்னவங்கள்ல ஒருத்தர் யாருன்னு நினைக்கிறீங்க? அன்னோவேதான்! ஜெர்கின் போட்டு நின்ன அதே மனுஷன். :-)

இன்னொரு பாயிண்டும் வரும்: "அடுத்தவன் மிருகத்தை ஏன் எடுக்கணும், சொந்தமா ஒண்ணு செஞ்சுக்க வேண்டியதுதானே?" இதை நான் பாதி ஒத்துக்கிறேன். எட்டுத்தலை நாகம் ஜப்பான் புராணத்துல வர்றது, யாருக்கும் சொந்தமில்ல, அதனால பண்டாய் கம்பெனியால அதை வீடியோவா விக்க முடிஞ்சது. ஹயாஷியா ஷின்பெய்னு ஒரு ரகுகோ கலைஞர் (நம்ம ஊர் கதாகாலட்சேபம் மாதிரி உக்காந்து கதை சொல்ற கலை) 2003ல் "கமேரா 4" எடுத்தாரு. விக்க முடியல. அப்புறம் "ரெய்கோ"ன்னு சொந்த மிருகத்துக்கு மாறினாரு. புத்திசாலித்தனம்தான். ஆனா முருக பக்தனைப் பாத்து "சொந்தமா ஒரு சாமி செஞ்சுக்கோ"ன்னு சொல்ல முடியுமாய்யா? ஆசையே காட்ஸில்லா மேலதானே. அதனால தானே அந்த முப்பத்து மூணு விநாடிக்கு அவ்வளவு பாடு.

சரி, டோஹோவோட உரிமையை என்ன பண்றது? தூக்கிக் குப்பையில போடுன்னு நான் சொல்லல. அவங்க சொத்து அவங்களுக்கு. ஆனா இந்தப் பிரச்சினைக்கு ஜப்பானே ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. பொம்மைக்கு மட்டும்!

ஒண்டர் ஃபெஸ்டிவல்னு ஒரு திருவிழா. 80கள் நடுவுல ஜெனரல் ப்ராடக்ட்ஸ்னு ஒசாகா கடை ஆரம்பிச்சது, 1992லருந்து கையோடோ கம்பெனி நடத்துது. ஜெனரல் ப்ராடக்ட்ஸ் யாரு? டைகான் ஃபிலிமோட அதே கூட்டாளிங்கதான். அங்க அமெச்சூர் ஆளுங்க வீட்டுல செஞ்ச மாடல் பொம்மைகளை விக்கலாம். காட்ஸில்லாவா? விக்கலாம். எப்படி? "அன்றைய நாள் உரிமம்". முன்கூட்டியே விண்ணப்பம், செஞ்ச மாடலைக் காட்டணும், உரிமைக்காரர் பாத்து சரின்னா ஒரு சின்னக் கட்டணம். அந்த ஒரு நாள், அந்த ஒரு கூடத்துக்குள்ள மட்டும் அது சட்டப்படி சரக்கு. சாயங்காலம் கடையைக் கட்டினா உரிமம் காலி. மிச்சம் இருக்கிறதை மறுநாள் விக்க முடியாது. இதனால டோஹோ நொடிச்சுப் போயிடுச்சா? மாறா, அந்தத் திருவிழாவுல வித்த எத்தனையோ பசங்க பெரிய பொம்மைக் கம்பெனிகளுக்கு சிற்பியா போனாங்க.

பொம்மைக்கு உண்டு, படத்துக்கு ஏன் இல்லை? ஒரு நாள், ஒரு தியேட்டர், ஒரு காட்சி. டிக்கெட் காசுல பாதியை டோஹோவே எடுத்துக்கட்டும், முழுசையும் கூட எடுத்துக்கட்டும். தேதி ஒண்ணு கொடுத்துப் பாருங்க, எத்தனை பரண் படங்கள் தூசி தட்டிக்கிட்டு வரும்னு.

டோஹோவுக்கு இது தெரியாத வித்தையும் இல்ல. 2019ல் ஜெம்ஸ்டோன்ங்கற போட்டி வழியா காட்ஸில்லாவை வெச்சுக் குறும்படம் எடுக்கப் புதுசுங்களுக்கு அவங்களே வழி விட்டாங்க. அதுல "ஜி வெர்சஸ் ஜி" எடுத்த தகுயா உவெனிஷியைக் கூப்பிட்டு, 2022ல் காட்ஸில்லா ஃபெஸ்ட்டுக்கு "காட்ஸில்லா எதிர் கைகன் ரெக்ஸ்" எடுக்க வெச்சாங்க. கதவைத் திறந்தாங்க, ஆள் வந்தாரு. ஆனா அது கம்ப்யூட்டர் தலைமுறைக்குத் திறந்த கதவு. ஃபிலிமைக் கையில வெச்சுக்கிட்டு நாப்பது வருஷமா வாசல்ல நிக்கிறவங்களுக்கு?

"அதான் கம்ப்யூட்டர் இருக்கே, மிச்சத்தை அதுல பண்ணி முடிச்சிட வேண்டியதுதானே" அப்படின்னு ஈஸியா சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2023ல் வந்த "காட்ஸில்லா மைனஸ் ஒன்" 35 பேர் சேர்ந்து 610 ஷாட் செஞ்சு ஆஸ்கர் வாங்கினது. பிரமாதம், ரெண்டு தடவை பாத்தேன். ஆனா அது வேற சமையல். விறகடுப்புல பாதி வெந்த கறியை மைக்ரோவேவ்ல வெச்சு இறக்குங்கறது, அடுப்பை மூட்டினவனுக்கு செய்யற மரியாதையா எனக்குத் தெரியல.

அவசரம் இன்னொண்ணு இருக்கு. ஃபிலிம் சாகாவரம் வாங்கிட்டு வந்ததில்ல. கலர் வெளுக்கும், சரியா வெக்கலைன்னா புளிச்ச காடி வாசனை அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் சுருங்கும். ஜப்பான்ல வீட்டுக்கு வீடு ஓடின ஃபூஜியோட சிங்கிள்-8 ஃபிலிமைக் கழுவித் தர்றதையே 2013ல் நிறுத்தியாச்சு. 2020ல் ஃபுகுஷிமா பக்கம் சுகாகவாவுல (காட்ஸில்லாவோட எஃபெக்ட்ஸ் பிதாமகன் எய்ஜி சுபுராயா பிறந்த ஊர்) ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் காப்பகம் திறந்தாங்க. பழைய மாடல்களைப் பத்திரப்படுத்த அன்னோ முன்னாடி நின்ன முயற்சி. அங்க ஸ்டுடியோ சரக்குக்குப் பக்கத்துலயே ஒரு அலமாரி இந்த மாதிரி முடியாத ரசிகர் படங்களோட ரீலுக்கும் வேணும்ங்கறேன். எடுத்தவங்க இருக்கும்போதே, எந்த ஷாட் எதுக்கப்புறம் வரும்னு அவங்க வாயால சொல்லக் கேட்டு வெக்கணும்.

அண்ணாச்சி, கடைசியா ஒண்ணு. உங்க குற்றாலப் பயணக் கட்டுரை மூணாம் பாகத்துல "தொடரும்" போட்டு நிக்குது. நான் ஒரு நாள் கூட சிரிச்சதில்ல. அருவி வரைக்கும் கூட்டிட்டுப் போய் துண்டோட நிக்க வெச்சிட்டீங்க, இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கேன்.

டிஸ்கி: ஓநாய் மனிதன் ஜெயிப்பானா காட்ஸில்லா ஜெயிக்குமான்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு: என் ஓட்டு ஓநாய்க்கு. காரணம் கேக்காதீங்க, அந்த ஸ்டில்லைப் பாத்தாலே தெரியும்.