அடக்க விலை என்ன, முசியே?

போன வாரம் காலை நடையில், கடற்கரைச் சாலையில் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். இரண்டு வருஷம் எனக்கு சீனியர். கடலைக் கைநீட்டிக் காட்டினார். "இவ்வளவு தண்ணியைக் கண்ணெதிரே வச்சிக்கிட்டு நாம கேன் தண்ணிக்குக் காத்துக் கிடக்கிறோமே முசியே! மெட்ராஸ்ல மாதிரி இங்கேயும் ஓர் ஆலை கட்டிட்டா தீர்ந்தது."

"கட்டலாம். அடக்க விலை என்ன?" என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் கணக்கு வாத்தியார் இரண்டு வார்த்தைகளை மண்டையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். 'ப்ரி தஷா' என்றால் வாங்கிய விலை. 'ப்ரி த ருவியாம்' என்றால் வண்டிக்கூலி, உடைசல், வட்டி எல்லாம் சேர்ந்த அடக்க விலை. இரண்டையும் குழப்பினால் முட்டியில் ரூல்தடி விழும். பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளில் நான் பார்த்ததெல்லாம் இந்தக் குழப்பம்தான், ரூல்தடிதான் இல்லை.

கடல்நீர் ஆலை மந்திரம் ஒன்றுமில்லை. உப்புநீரைச் சவ்வு வழியாக நெட்டித் தள்ளுகிறார்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் முப்பது மடங்கு வேண்டும். நூறு குடம் கடல்நீர் உள்ளே போனால் நாற்பது, நாற்பத்தைந்து குடம் நல்ல தண்ணீர். மீதி ஏறக்குறைய இரண்டு மடங்கு கரிப்போடு கடலுக்கே திரும்பும். அங்கே வலை வீசுகிறவர்களிடம் இதை யார் கேட்டார்கள் என்பது தனிக் கதை.

சென்னை கணக்கைப் பார்ப்போம். மீஞ்சூர் ஆலை 2010-ல் வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டர் 48 ரூபாய் 66 காசுக்கு வாங்குவதாக ஒப்பந்தம். நெம்மேலியில் இரண்டாவது ஆலை 15 கோடி லிட்டர். 2019-ல் அடிக்கல் நாட்டியபோது 1,259 கோடி ரூபாய் என்றார்கள். 2024 பிப்ரவரியில் திறந்தபோது 1,516 கோடியைத் தாண்டியிருந்தது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. திருத்திய மதிப்பீடு இல்லாத கோப்பை நான் பார்த்ததே இல்லை.

அந்த விகிதத்தில் புதுச்சேரிக்கு 5 கோடி லிட்டர் ஆலை என்றால் 500 கோடி ரூபாய். எட்டு சதவீத வட்டி வருஷத்துக்கு 40 கோடி. ஆலை ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால், ஆயிரம் லிட்டருக்கு வட்டி மட்டும் 22 ரூபாய். அதற்கு மூன்றரை, நாலு யூனிட் மின்சாரம் வேண்டும். நமக்கோ மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குவதுதான். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் 28 ரூபாய். ஆக ஐம்பது ஆயிற்று. சவ்வு மாற்றுவது, ரசாயனம், சம்பளம், அசலைத் திருப்பிக் கட்டுவது இனிமேல்தான்.

அதுவும் நிற்காமல் ஓடினால். மழைக்காலத்தில் கடல் கலங்கினால் வடிகட்டிகள் திணறும். 2008-ல் வளைகுடாவில் செம்பாசி பெருகி, அங்கே சில ஆலைகளை மூடியே வைத்தார்கள். பாதி நாள்தான் ஓடுகிறது என்றால் வட்டி குறையுமா? 22 ரூபாய் 44 ஆகும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணம் பெரிய வறட்சிக்குப் பயந்து ஓர் ஆலை கட்டியது. 2012 கடைசியில் கட்டி முடிப்பதற்குள் மழை வந்து அணைகள் நிறைந்துவிட்டன. 2017 வரை அதிலிருந்து தண்ணீர் எடுக்கவேயில்லை. ஒப்பந்தப் பணம் மட்டும் வருஷம் தவறாமல் போனது.

நண்பர் விடவில்லை. "கேன் தண்ணி இருபது லிட்டர் முப்பது, நாப்பது ரூபாய்க்கு வாங்கறீர். உம்ம கணக்குப்படி ஆலைத் தண்ணி இருபது லிட்டர் ஒரு ரூபாய்தானே?" என்றார். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது இந்த ஆலைகள்தான் கைகொடுத்தன, அதையும் மறுக்கவில்லை. ஆனால் கேன் தண்ணீர் குடிக்க. குழாயில் வருவது குளிக்க, துவைக்க, கக்கூசுக்கும்.

போகிற வழியில் கசிவது வேறு. பள்ளியில் ஒரு கணக்கு வரும்: ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொன்று காலி செய்கிறது, எத்தனை மணியில் நிறையும்? நாலில் ஒரு பங்கு ஒழுகினால், வீடு சேரும்போது ஐம்பது ரூபாய்த் தண்ணீர் அறுபத்தேழு ரூபாய். உமக்கு இந்தக் கணக்கு வகுப்பிலேயே வராது என்றேன். சிரித்துவிட்டார்.

இந்தச் சின்னப் பிரதேசத்தில் 84 ஏரிகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதற்குச் சாட்சி. ஏரிகளைப் பார்த்துக்கொள்ள 'சேந்திகா அக்ரிகோல்' என்று விவசாயிகள் சங்கமே இருந்தது. இன்று ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வரும் வாய்க்கால்களைத் தூர்வார 500 கோடியில் எத்தனை பங்கு ஆகும்? அதைக் கணக்குப் போட்டு ஆலைக் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கட்டும். நிலத்தடியில் உப்பு ஏறியதே நாம் ஊறியதைவிட அதிகமாக உறிஞ்சியதால்தான். இரண்டு கணக்கையும் பார்த்த பிறகும் ஆலைதான் மலிவு என்றால், நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

எங்கள் தெருமுனையில் இரண்டு மாதமாகக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நேற்று மூன்றாவது மனு எழுதிக் கொடுத்தேன். பழைய பழக்கம், நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.